குதிகாலில் ஆறு மில்லிமீட்டர்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இடது கட்டைவிரலை ஒரு குதிரை மிதித்ததில் நகம் கழன்றுவிட்டது. புதுசு முளைக்கும், அதை விடு. நீ எப்படி இருக்கிறாய்? பக்கவாதத்துக்கு அப்புறம் அப்பாவின் வலது கை இப்போது எவ்வளவு தூரம் தூக்க வருகிறது? "பரவாயில்லை" என்று எழுதாதே. மார்பு வரையா, தோள் வரையா என்று எழுது.

உன் கடிதமும் நம் குதிரை பீப்பாவின் ரத்த ரிப்போர்ட்டும் நேற்று கைக்கு வந்தன. பார்த்துவிட்டேன். கால் நொண்டுவதால் காலில் நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நோய் உடம்பில் இருக்கிறது, கால் வழியாகத் தெரிகிறது. அவள் உடம்புக்குச் சர்க்கரையைச் சமாளிக்கத் தெரியாமல் போய்விட்டது. இன்சுலின் எகிறி நிற்கிறது. அது ஏறினால் குளம்பின் கெட்டியான வெளி ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் ஒட்டிப் பிடித்திருக்கும் சதை வெந்து பிடியை விடும். அப்புறம் அவள் எடையே அந்த எலும்பைக் கீழே அமுக்கும். முன்கால்களை நீட்டி வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அது இதனால்தான். எனக்கு நகம் போன விரலில் இப்போது யாராவது உடம்பு பாரம் முழுவதையும் தாங்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி நிற்கிறாள்.

கழுத்து மேட்டில் கொழுப்பு கட்டியாகத் திரண்டிருப்பதை "செல்லமா வளர்ந்தவ" என்று எழுதியிருக்கிறாய். செல்லம் கொடுத்துக் கொல்வது என்றால் இதுதான். தானியம், தவிடு, கேரட், ஆப்பிள், பச்சைப் புல் எல்லாம் இன்றோடு சரி. காய்ந்த புல் மட்டும், அதையும் தராசில் நிறுத்துக் கொடு. காய்ந்த புல்லிலும் சர்க்கரை உண்டு. ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்துக் கொடு. கணிசமாகக் குறையும். கால்நடை டாக்டர் கொடுத்திருக்கும் வலி மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கணும். குடிக்காவிட்டால் எப்படியாவது குடிக்க வையுங்கள்.

லாடத்தைக் கழற்றச் சொல். இரண்டு முன்கால்களையும் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. நிஜ அளவில் வேண்டும், அதனால்தான் தபால். போனும் இந்தக் குதிரைப் பண்ணை ஆபீஸில் ஒன்றுதான், மேனேஜரின் காதும் அதோடு சேர்ந்தே வரும். அளவுகளை நான் போட்டு அனுப்புகிறேன். லாடக்காரர் கத்தியைப் பிடித்தால் போதும், மூளை இங்கிருந்து வரும்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜனவரி 29

என் அவசரக்குடுக்கைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நகம் பிய்ந்ததை "அதை விடு" என்று எழுத உன்னால்தான் முடியும். துணி சுற்றிக்கொண்டு வேலை செய். எனக்கு ஒன்றும் இல்லை, இடுப்புதான் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது.

அப்பா கை மார்பு வரை வருகிறது. பேச்சு குழறுகிறது என்று வெட்கப்பட்டு யாரிடமும் வாய் திறப்பதில்லை. பீப்பாவிடம் மட்டும் பேசுகிறார். அவள் திருப்பிக் கேட்கமாட்டாள் இல்லையா.

உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிக்காரம்மா மூன்று மாசம் தலைகீழாக நின்றும் அப்பாவைக் கட்டிலை விட்டு இறக்க முடியவில்லை. இறக்கினது பீப்பாதான். காலையில் அவள் கனைத்தால் இவர் எழுந்துவிடுகிறார். பின்வாசலிலிருந்து லாயத்துக்கு நாற்பத்திரண்டு அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாக நடக்கிறார். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போவேன். கை கொடுத்தால் முறைக்கிறார். முப்பது வருஷம் ரைடிங் ஸ்கூலில் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கின மனுஷன், ஸ்கூலை மூடினபோது இவளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததுதான் மிச்சம். இவளுக்கு ஒன்று ஆனால் அப்பா திரும்பப் படுத்துவிடுவார், படுத்தால் எழமாட்டார். அவரைப் பார்க்கும் டாக்டர் இதைச் சொல்லாமல் சொன்னார். அதனால் இதை வெறும் குதிரை விஷயமாக நினைத்து எழுதாதே.

நீ சொன்ன எல்லாம் நிறுத்தியாச்சு. மாடியிலிருந்து இறக்கிப் போட்ட பழைய குளியல் தொட்டி கிடந்தது, புல்லை அதில்தான் ஊறவைக்கிறேன். பம்பு பழுதானதிலிருந்து தெருக்குழாய்தான் கதி, காலையில் ஒரு மணி நேரம் வரும். நான் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்தால் அப்பாவுக்கு வயிறு எரிகிறது. ஒரு சொட்டு தரையில் சிந்தினாலும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கணும்.

பீப்பா குடிப்பதுதான் பிரச்சனை. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை என்று அரை வாளிக்கு மேல் வாய் வைக்கமாட்டேன் என்கிறாள்.

காகிதத்தில் அச்சு எடுத்து வைத்திருக்கிறேன். வலது குளம்பு எடுக்கும்போது காகிதத்திலேயே மூத்திரம் போய்விட்டாள், அதனால் அது இரண்டாவது காகிதம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நலம். இங்கே குட்டி போடும் பருவம் தொடங்கிவிட்டது, உட்கார நேரமில்லை. உன் இடுப்புக்குக் குடத்தைக் குறை, பாதிக் குடமாகத் தூக்கு. இரண்டு நடை நடந்தால் குறைந்து போகமாட்டாய்.

அச்சைப் பார்த்தேன். குளம்பின் முனை பாத்திரத்தின் மூக்கு மாதிரி முன்னால் நீண்டு கிடக்கிறது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த முனை நெம்புகோலாகி வெளி ஓட்டை எலும்பிலிருந்து பிய்க்கிறது. அப்பாவுக்குத் தெரியும்படி விளக்கிச் சொல், அவருக்குக் குதிரை தெரியும், குளம்பின் உள்பக்கம் தெரியாது.

நான் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். முனையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்னால் கொண்டுவரணும். குதிகாலில் ஆறு மில்லிமீட்டர் இறக்கணும். அடிப்பாதத்தில் கத்தி படவே கூடாது, சுத்தமாகத் தெரியணும் என்று லாடக்காரர் சீவிவிட்டால் நான் அங்கே வந்து அவரைச் சீவுவேன். நான்கு வாரத்துக்கு ஒரு தரம் இதே மாதிரி அச்சு எடுத்து அனுப்பு. தரையில் தடிமனாக மரத்தூள் போடு.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. அரை வாளி போதாது. அப்பாவைப் பொறுப்பெடுத்துக்கொள்ளச் சொல். அவருக்கும் ஒரு வேலை ஆகும்.

தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகமே. நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா?

உன் சிவப்புக் கோட்டைப் பார்த்து லாடக்காரர் தலையைச் சொறிந்தார். "முனை சரிதாம்மா. குதிகாலை ஒரே தடவைல இவ்வளவு இறக்கக் கூடாது. பின்நரம்பு இழுத்துக்கும். ரெண்டு ரெண்டா எடுப்போம்" என்றார். நீ எழுதினதைப் படித்துக் காட்டினேன். "படிச்ச பிள்ளை, அவர் சொன்னா சரி. காகிதத்துல நடக்கிற குதிரைக்கு எல்லாம் சரியாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார். அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமோ என்று பார்த்தேன், இல்லை. "அவன் சொன்னபடி செய்யி" என்று மூன்று சொல் சொன்னார். மூன்றும் தெளிவாக வந்தன.

ஐந்து நாள் நன்றாக நடந்தாள். அப்புறம் பழையபடி சாய்ந்து நிற்கிறாள். குளம்பைத் தொட்டால் சுடுகிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தண்ணீர்ப் பிரச்சனை தீர்ந்தது. அப்பா பொறுப்பெடுத்துக்கொண்டார், இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வாளி முழுசாகக் காலியாகிறது. இடது கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். பாதி வழியில் ஒரு தரம்தான் இறக்கி வைக்கிறார். அவர் வாளியோடு வருவதைப் பார்த்தாலே பீப்பா மூக்கை உறிஞ்சுகிறாள். கை ராசி என்று சொன்னேன், சிரித்தார். அவர் பல் தெரிந்து ஒரு வருஷம் ஆகிறது தம்பி. குதிரைக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னால் நீ அப்பாவுக்கும் சேர்த்துப் பார்க்கிறாய்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஐந்து நாள் நடந்து அப்புறம் சாய்ந்தால் வெட்டினதில் குறை இல்லை. வெட்டு தப்பென்றால் முதல் நாளே நொண்டியிருப்பாள். சர்க்கரை போகிறது. எங்கிருந்தோ, யார் கையிலிருந்தோ. தினமும். குளம்பு சும்மா சுடாது.

அப்பாவின் சட்டைப்பையைச் சோதனை போடு. ரைடிங் ஸ்கூல் காலத்தில் சர்க்கரைக்கட்டி இல்லாமல் லாயத்துக்குள் கால் வைத்தவர் இல்லை அவர். முப்பது வருஷப் பழக்கம் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாது. ஒரு கட்டிதானே என்று நினைப்பார். கேட்காதே, கேட்டால் இல்லை என்பார். பையில் கை விட்டுப் பார்.

ரத்தத்தைத் திரும்ப எடுத்து அனுப்பு. அடுத்த வெட்டுக்கும் குதிகாலில் ஆறு மில்லிமீட்டர்தான். லாடக்காரர் காகிதக் குதிரைக் கதையெல்லாம் சொன்னால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல். அடியில் மெத்தை வைத்த ரப்பர் காலணி இரண்டு பார்சலில் வருகிறது.

தண்ணீர் குடிப்பது நல்லது. தொடரட்டும்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ சொன்னதைச் செய்தேன். செய்திருக்கக் கூடாது. தூங்கும்போது பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். பையில் விரல் வைத்ததும் விழித்துக்கொண்டார். என்ன என்று கண்ணாலேயே கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. "தம்பி பார்க்கச் சொன்னான்" என்றேன். எழுந்து உட்கார்ந்து இடது கையாலேயே சட்டைப்பையை வெளியே இழுத்துப் போட்டார். கால்சட்டைப் பைகளையும் வரிசையாக இழுத்தார். வலது பைக்குக் கை வளையவில்லை, என்னை இழுக்கச் சொன்னார். ஒரு காய்ந்த புல் விழுந்தது. அதையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அவனுக்கு அனுப்பு" என்றார்.

அன்று முழுவதும் பைகளை உள்ளே தள்ளாமலேயே திரிந்தார். அப்படியே வாளியைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குப் போனார். அவர் கையால் ஒரு துணுக்குக்கூடப் போகவில்லை, நான் உன் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

லாடக்காரர் இரண்டாவது வெட்டையும் நீ சொன்னபடியே வெட்டினார். இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சண்டை போடவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டே "மனசு கேக்கலம்மா" என்றார், அவ்வளவுதான்.

ரப்பர் காலணி போட்டால் கொஞ்சம் நிற்கிறாள். இடது குளம்பில் சீழ் கட்டி, குதிகால் மேல் உடைத்துக்கொண்டு வந்தது. பாதி நேரம் படுத்தே கிடக்கிறாள். எக்ஸ்ரேவும் ரத்த ரிப்போர்ட்டும் வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் எண் ஜனவரியைவிட அதிகமாக இருக்கிறது. நாங்கள் எல்லாம் நீ சொன்னபடிதான் செய்கிறோம் தம்பி. அந்த எண் ஏன் கேட்கமாட்டேன் என்கிறது?

நீ ஒரு நான்கு நாள் வந்துவிட்டுப் போக முடியாதா?

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

வர முடியாது. இங்கே இருபத்தாறு குட்டிகள் பிறந்தாகிவிட்டன, இன்னும் ஒன்பது பாக்கி. ஜூனுக்கு முன்னால் விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்தாகிவிட்டது.

எக்ஸ்ரே மோசம். இடது காலில் எலும்பின் முனைக்கும் தரைக்கும் நடுவே ஒன்பது மில்லிமீட்டர்தான் இருக்கிறது. குறைந்தது பதினைந்து வேண்டும். இனி வெட்டு வேண்டாம். மரத்தூளை முழங்கால் அளவுக்குப் போடு.

நீ என் தலையில் அடித்துச் சொன்னாலும் சரி, உன் தலையில் அடித்துச் சொன்னாலும் சரி, ரத்தம் பொய் சொல்லாது. அந்த எண் தானாக ஏறாது. அங்கே ஒருவர் பொய் சொல்கிறார். அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

நீ நலமாக இரு.

பீப்பா போய்விட்டாள். பதினெட்டாம் தேதி காலை. டாக்டர் பதினேழாம் தேதி குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். எலும்பின் முனை அடிப்பாதத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிகிறது, இதற்கு மேல் வைத்திருப்பது பாவம் என்றார். அப்பாவிடம் நான்தான் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினார்.

காலையில் வழக்கம்போல எழுந்தார். யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று தெரிந்தும் வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். நான் புல்லை வெளியே அள்ளிப் போட்டிருந்தேன். தொட்டியில் மிச்சம் இருந்த தண்ணீரை எப்போதும் போல மொண்டார், டீ நிறத் தண்ணீர். நாற்பத்திரண்டு அடி. பீப்பா எழுந்திருக்கவில்லை. வாளியைச் சாய்த்துப் பிடித்தார். படுத்தபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிவிட்டு வாளியின் அடியை நக்கினாள். அப்பா டாக்டரைத் திரும்பிப் பார்த்து, "சாகப்போறவ இப்படியா குடிப்பா" என்று கேட்டார். குழறவே இல்லை. டாக்டர் ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, குளம்பை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார்.

அப்பா அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். சீக்கிரம் முடிந்துவிட்டது.

மூன்று நாளாகப் படுத்திருக்கிறார். சாப்பிடுவதில்லை. வாயில் ஊட்டினால் ஓரமாக வழிகிறது. ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுகிறார். "என்ன தப்பு நடந்துச்சுன்னு அவன்கிட்ட கேளு. மறைக்காமச் சொல்லச் சொல்லு. அவன் முகத்துக்கு நேரா சொல்றவன்." நீ என்ன எழுதினாலும் நான் படித்துக் காட்டணுமாம், ஒரு வரி விடாமல்.

எழுது தம்பி.

அக்கா


மே 31

அக்காவுக்கு,

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. கடிதமே வரவில்லை என்று சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா தினமும் கொண்டுபோன இரண்டு வாளியும் புல் ஊறின தண்ணீரா? எப்போதிலிருந்து?

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

ஆமாம். பிப்ரவரி கடைசியிலிருந்து. குழாய்த் தண்ணீரைத் தொடமாட்டேன் என்றவள் தொட்டித் தண்ணீருக்கு வாயை நீட்டினதை அப்பாதான் கவனித்தார். தண்ணீரும் வீணாகவில்லை, குதிரையும் குடிக்கிறது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானும்தான் சந்தோஷப்பட்டேன். நீ குடிக்க வை, எப்படியாவது குடிக்க வை என்று எழுதியிருந்தாய். உனக்குக்கூட எழுதினேனே, இரண்டு வாளி குடிக்கிறாள் என்று. நீயும் நல்லது என்றுதானே

இந்த வரியை நேற்று மத்தியானம் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். இன்றைக்குத்தான் திரும்ப உட்காருகிறேன்.

சர்க்கரையைக் கழுவி எடுக்கத்தானே புல்லை ஊறவைக்கச் சொன்னாய். கழுவின சர்க்கரை தண்ணீரில்தானே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளப் படித்திருக்க வேண்டியதில்லை. நான் தினமும் அந்தத் தொட்டியைப் பார்த்தேன். விரலை விட்டு நக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

நாங்களே ஊட்டியிருக்கிறோம். அவர் கையாலேயே ஊட்ட வைத்திருக்கிறோம்.

அப்பாவுக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் இந்தக் கட்டிலிலேயே முடிந்துபோவார். எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். "கடுதாசி வந்துதா" என்று காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கேட்கிறார். வேறு பேச்சு இல்லை. உனக்கு மழுப்பத் தெரியாது என்று அவருக்குத் தெரியும், அதனால் வெறும் விதி என்று எழுதினால் நம்பமாட்டார். என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் தபால் இல்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

உள்ளே இன்னொரு காகிதம் இருக்கிறது. அதை அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. இந்தக் காகிதத்தை அடுப்பில் போடு.

அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் பொய். மற்றதெல்லாம் நடந்தது. புல்லை ஊறவை, வடித்துக் கொடு என்று எழுதினேன். வடித்த தண்ணீரை என்ன செய்வது என்று எழுதவில்லை. இங்கே தொட்டிக்கு அடியில் சாக்கடை இருக்கிறது, அடைப்பானைப் பிடுங்கினால் போயிற்று, யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெருக்குழாய், ஒரு மணி நேரம், ஒரு சொட்டு சிந்தினால் அப்பா முகம் போகிற போக்கு என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தாய். படித்தேன். வேலைக்கு வேண்டாத பகுதி என்று தாண்டிப்போனேன். அதற்கப்புறம் அவர் பையைச் சோதிக்கச் சொன்னேன். நீ விரலை விட்டு நக்கியிருக்கணும் என்று எழுதியிருக்கிறாய். அது உன் வேலை இல்லை. என் வேலை.

அவர் என்னைத் திட்டினால் நீ எனக்காகப் பேசாதே. இடுப்பு எப்படி இருக்கிறது?

தம்பி

*

அப்பாவுக்கு,

வணக்கம். சாப்பிடுவதில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், கேட்டபின் சாப்பிடுங்கள்.

தப்பு என்னுடையது. குதிகாலில் ஒரே தடவையில் ஆறு மில்லிமீட்டர் இறக்கச் சொன்னேன். லாடக்காரர் கூடாது என்றார். இரண்டு இரண்டாக எடுக்கலாம் என்றார். நான் கேட்கவில்லை. குதிகால் இறங்கினால் பின்நரம்பு எலும்பை இழுக்கும், பிடி தளர்ந்திருந்த எலும்பு இன்னும் சாயும். இது எனக்குப் பாடத்திலேயே இருந்தது. ஐந்து நாள் நடந்ததை வைத்து வெட்டு சரி என்று சாதித்தேன். இரண்டாவது தடவையும் ஆறு இறக்க வைத்தேன். தாங்க முடியாத வலியிலும் ரத்தத்தில் இன்சுலின் ஏறும், அதைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்று உங்கள்மேல் போட்டேன். அக்காவை உங்கள் பையில் கை விட வைத்தேன். உங்கள் கையால் அவளுக்குச் சர்க்கரை போகவில்லை. நீங்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

நேரில் வந்து பார்க்காமல், குதிரையைத் தொடாமல், காகிதத்தில் கோடு போட்டு வெட்டச் சொன்னேன்.

உங்கள் மகன்


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

இதை அப்பா உறையை ஒட்டுவதற்கு முன்னால் அவசரமாக உள்ளே சொருகுகிறேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

படித்துக் காட்டினேன். இரண்டாவது தரமும் படிக்கச் சொன்னார். "பின்நரம்பு" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் லாடக்காரரைக் கூப்பிட்டுவிடச் சொன்னார். அவர் வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னே, அவன் கேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லாடக்காரருக்கு உன்மேல் பரிதாபம்தான், உனக்காக ஒரு வார்த்தை சொல்ல வந்தார். அப்பா கட்டிலோரத்து ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மே மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் எழுந்தார்.

இப்போது சாப்பிடுகிறார். உன்னைத் திட்டுவதற்காகவே சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள். காலையில் எழுந்ததும் ஆரம்பித்தால் படுக்கும் வரை நீதான். பேச்சு தெளிவாகிக்கொண்டே வருகிறது. நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ எழுதினபடியே உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது.

பதிலை அவரே இடது கையால் எழுதியிருக்கிறார், நான்கு நாள் ஆயிற்று. தபால் பெட்டியிலும் அவரேதான் போடுவாராம். பெட்டி தெருமுனையில் இருக்கிறது. நேற்று நானே நடந்து எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுப் பத்து அடி.

தொட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன். ஏன் என்று அப்பா கேட்டார். துரு என்றேன்.

அக்கா

*

மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. படிக்கக் கேட்டேன்.

முப்பது வருஷத்தில் என் கையில் ஒரு குதிரையும் கால் கெட்டுச் சாகவில்லை. உன் கோடு ஒன்றைக் கொன்றுவிட்டது. ஆறு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று உன் அக்கா ஸ்கேலில் காட்டினாள். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. லாடக்காரர் சொன்னதைக் கேட்க உனக்குப் பொறுமை இல்லை.

நான் கடைசி நாள் வரை தண்ணீர் கொடுத்தேன். அவள் வாங்கிக் குடித்தாள். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

கத்தியைக் கீழே வை. வீட்டுக்கு வராதே. நான் இருக்கும் வரை வராதே.

கட்டைவிரல் நகம் முழுசாக முளைத்துவிட்டதா என்று கேட்டு எழுதும்படி உன் அக்கா சொல்கிறாள். நான் கேட்கவில்லை.

அப்பா